சூப்பர்வைசருக்காக ஒரு ஜெபம்

என் தம்பியின் வலது கையில் இப்போது மூன்று விரல்கள்தான். மற்ற இரண்டும் கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் போயின. கை உள்ளே போகாதபடி காத்த இரும்புத் தடுப்பை, வேலை சீக்கிரம் நடக்கட்டும் என்று கழற்றச் சொன்னவன் சூப்பர்வைசர். "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று அறிக்கை எழுதியவனும் அவனே. நாளை விசாரணை. அந்த அறிக்கை நின்றால் தம்பிக்கு வேலை போய்விடும், பழி மட்டும் மிஞ்சும்.

அந்த மகானுபாவன் எங்கள் சபையில் முன்வரிசை ஆள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர் என்னை அழைத்தார். அவனும் பக்கத்தில் நின்றான்.

"சத்துருவுக்காக ஜெபிக்கணும்னு ஆண்டவர் சொல்லியிருக்காரேம்மா. இன்னைக்கு ஜெபக் கூட்டத்துல இவருக்காக நீங்களே ஜெபம் பண்ணுங்க. அதோட இந்த விஷயத்தை விட்டுடலாம்."

"பண்ணுங்க சிஸ்டர். எனக்கு உங்க மேல ஒரு வருத்தமும் இல்ல," என்றான் அவன்.

எனக்கு உச்சந்தலை வரை கொதித்தது. விரல் போனது எங்கள் வீட்டில். பெருந்தன்மை காட்டுவது இவனா? ஆண்டவர் சொன்னதைக்கூட எங்களுக்கு வாய்ப்பூட்டாக்கிவிட்டார்கள். ஆனாலும் சரி என்றேன்.

எங்கள் கூட்டத்தில் ஒருவர் ஜெபிக்கத் தொடங்கினால், அவர் முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசக் கூடாது. போன வாரம் ஒரு பெரியவர் முக்கால் மணி நேரம் ஜெபித்தார். அடுப்பை அணைக்காமல் வந்தவர்கள்கூட அசையவில்லை.

மாலையில் ஜெபக் கூட்டத்துக்கு வந்த நாற்பது பேரும் முழங்காலிட்டோம். அவன் மனைவி எனக்கு எதிரே இருந்தாள். கண்ணை மூடினேன்.

"ஆண்டவரே, இவருக்கு நல்லது செய்யும். மனசாரத்தான் கேக்குறேன். மெஷின் தடுப்பைக் கழட்டச் சொன்னது இவர்தான். இவருக்கும் தெரியும், உமக்கும் தெரியும். அந்தப் பொய்யைச் சுமந்துகிட்டு இவர் திரிய வேண்டாம். நாளைக்கு விசாரணையில உண்மையைச் சொல்ல இவருக்குத் தைரியம் தாரும்."

போதகர் கனைத்தார். நான் நிறுத்தவில்லை. தம்பி சட்டைப் பொத்தான் போடப் படும் பாட்டையும் சொன்னேன். அழுகை வந்தது, கோபம் போகவில்லை. பிறகுதான் ஆமென் சொன்னேன்.

அவன் விருட்டென்று எழுந்தான். "இதெல்லாம் ஒரு ஜெபமா?"

"உங்களுக்கு இதைவிட நல்லது எதுவும் எனக்குத் தெரியல," என்றேன்.

அவன் மனைவி மட்டும் முழங்காலிலேயே இருந்தாள். அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கதான் கழட்டச் சொன்னீங்களா?"

அவன் போதகரைப் பார்த்தான். போதகர் அவசரமாக முன்னால் வந்தார்.

"அதையெல்லாம் வீட்டுல போய்ப் பேசிக்கலாம்மா."

"இல்லைங்க ஐயா," என்றாள் அவள். "இங்கயே சொல்லட்டும்."