பிரெய்ரி குவீனுக்கு நான் சொன்ன விலை

டுவைட் கெஸ்லர் வீட்டு முன்பக்கத்தில் எட்டு வாஷிங் மெஷின் தொட்டிகள் வரிசையாக நிற்கின்றன. எட்டிலும் பூச்செடி வைத்திருக்கிறான். அந்தப் பக்கம் வண்டியில் போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். செடி வைப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றின் அடியிலிருந்தும் எஞ்சினைப் பிடுங்கி எடுத்தவன் அவன்தான்.

பண்ணைகளுக்கு மின்சாரம் வராத காலத்தில் எங்கள் அயோவா மாநிலத்தில் பெட்ரோல் எஞ்சின் வைத்த மெஷின்கள்தான் துணி துவைத்தன. தொட்டிக்கு அடியில் சின்ன எஞ்சின், அதை உதைத்துக் கிளப்ப ஒரு மிதி, மேலே துணியைப் பிழிய இரண்டு ரப்பர் உருளைகள். இவற்றைத் தேடி அலைபவர்களில் இரண்டு கட்சி உண்டு. எஞ்சின்காரர்களுக்கு எஞ்சின் மட்டும் போதும். கழற்றி, துடைத்து, பலகையில் பொருத்தி, கண்காட்சியில் படபடவென்று ஓடவிட்டு ரசிப்பார்கள். மிச்சமெல்லாம் அவர்களுக்குக் குப்பை. நாங்கள் மெஷின்காரர்கள். எங்களுக்கு முழு மெஷின் வேண்டும், அது துவைக்கவும் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை கூடி, அழுக்குத் துணி மூட்டையோடு வந்து, அவரவர் மெஷினில் துவைத்துக் காட்டுவோம். எதற்கு என்ன விலை என்று சந்தேகம் வந்தால் எங்கள் ஆட்கள் என்னிடம் வருவார்கள். நெட்ரா டாலப்சன் சொன்னால் சரியாக இருக்கும் என்று ஒரு பேர் இருக்கிறது. அதில் எனக்குக் கர்வமும் இருக்கிறது, மறைப்பானேன்.

லிண்ட்குவிஸ்ட் பண்ணை ஏலத்தில்தான் அந்த பிரெய்ரி குவீன் மெஷினைப் பார்த்தேன். சதுரமான அலுமினியத் தொட்டி. உருளைகள் இருக்கும் தூணில் மாட்டிக்கொள்ள இறைச்சி அரைக்கும் சாதனம். அடியில் எஞ்சின், அப்படியே, முழுசாக. அதுவரை நான் நேரில் பார்த்ததெல்லாம் எஞ்சின் போன வெறும் கூடுகள். என் கைப்பையில் இருந்தது அறுநூறு டாலர், அவ்வளவுதான். அப்போது பார்த்தால் டுவைட் அதன் பக்கத்தில் குனிந்துகொண்டிருக்கிறான். சோயா விற்ற பணம் சட்டைப் பையில் புடைத்துக்கொண்டிருந்தது. ஆயிரமெல்லாம் அவனுக்குத் தூசு.

அவன் மிதியை உதைத்தான். அசையவில்லை. மறுபடியும் ஏறி நின்று உதைத்தான். கல்லை உதைத்த மாதிரி இருந்தது.

"போச்சு. உள்ள இறுகிப் போச்சு," என்று கூட இருந்தவர்களிடம் உதட்டைப் பிதுக்கினான். "உதிரி பாகத்துக்குத்தான் ஆகும்."

எனக்கும் நம்பிக்கை போய்விட்டது. ஆனாலும் மனசு கேட்காமல் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் வடியும் துளையில் துணியிலிருந்து உதிர்ந்த பஞ்சு ஒட்டியிருந்தது. தொட்டால் மெத்தென்று இருந்தது. பழைய பஞ்சு அப்படி இருக்காது, சமீபத்தில் யாரோ இதில் துவைத்திருக்க வேண்டும். நேரே வீட்டுப் பின்பக்கம் போனேன். செத்துப்போன லிண்ட்குவிஸ்ட் அம்மாவின் மகள் மார்லிஸ், சர்ச் பெண்களோடு நின்று காபியும் ஆப்பிள் கேக்கும் விற்றுக்கொண்டிருந்தாள்.

"மார்லிஸ், உங்கம்மா அந்த மெஷின்ல கடைசியா எப்ப துவைச்சாங்க?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"காலைலேருந்து ஆளாளுக்கு எஞ்சின் நம்பர் என்ன, எந்த வருஷத்துதுன்னுதான் குடையறாங்க. துவைச்சதப் பத்திக் கேட்ட மொத ஆளு நீதான். போன அக்டோபர்ல துவைச்சாங்க. மாட்டுக் கொட்டில் கந்தலையெல்லாம் புது மெஷின்ல போட விடவே மாட்டாங்க."

"மிதி அசையவே மாட்டேங்குதே?"

"துவைக்க விடற கைப்பிடி ஒண்ணு பக்கத்துல இருக்கு, இப்ப கீழ இறக்கியிருக்கும். அது கீழ இருந்தா மிதி பூட்டிக்கும். குறுக்க நடக்கறப்ப தெரியாம கால் பட்டு எகிறிடக் கூடாதுன்னு அம்மா எப்பவும் இறக்கி வெச்சுடுவாங்க."

"இத அவங்ககிட்ட சொல்லலையா?"

"எஞ்சினப் புடுங்கிட்டு மிச்சத்த வீசறவனுக்கு நான் எதுக்குச் சொல்லணும்? போ, போய் நீ வாங்கு."

திரும்பி வந்து என் கணவன் ஆரினின் காதில் சொன்னேன். அது என் முட்டாள்தனம். ஆரின் தங்கமான மனுஷன், ஆனால் ஒரு விஷயம் காதில் விழுந்தால் கை சும்மா இருக்காது. நேராக மெஷினிடம் போய், "ஓ, இந்தக் கைப்பிடியத் தூக்கினா..." என்று ஆரம்பித்தான். பாய்ந்து போய் அவன் காலை மிதித்தேன்.

"என்னடா ஆரின், ஏன் கத்துற?" என்று தள்ளி நின்ற டுவைட் கேட்டான்.

"ஒண்ணுமில்லடா. புது பூட்ஸ். கடிக்குது."

டுவைட் என் பக்கம் திரும்பினான். "விலைக்காரம்மா வந்தாச்சு! சொல்லு நெட்ரா, இது எவ்வளவு பெறும்?"

பொய் சொல்லியிருக்கலாம். நூறு, நூற்றைம்பது என்று முனகிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் நான் விலை சொன்னால் அது விலையாக இருக்க வேண்டும்.

"தொள்ளாயிரம்," என்றேன்.

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். டுவைட் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டான். "இறுகிப் போன எஞ்சினோட இந்தத் தகர டப்பாவுக்கா? உனக்கு வயசாயிடுச்சும்மா. வீட்ல உக்காந்து சாக்ஸ் பின்னு!"

ஆரின் இன்னொரு காலையும் பத்திரமாகப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

ஏலக்காரர் வெண்டல் பிரூயிட் வந்து சேர்ந்தார். பட்டாளத்தையே பார்க்காதவர், ஆனாலும் ஏலம் விடுகிறவரை நாங்கள் கர்னல் என்றுதான் கூப்பிடுவோம். ஐம்பதில் ஆரம்பித்தார். டுவைட் உதிரி பாகங்களுக்காக நூறு என்றான். நான் என் எண் அட்டையைத் தூக்கினேன். அவன் ஏற்ற, நான் ஏற்ற, முந்நூறு தாண்டியது. அங்கே அவன் நிறுத்துவான் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை, என் முகத்தைப் பார்த்தான். நான் கொட்டில் கூரையைப் பார்த்தேன். என்னமோ இருக்கிறது என்று அவனுக்குப் பட்டுவிட்டது. நானூறு. ஐந்நூறு. ஐந்நூற்றைம்பது என்றான்.

"அறுநூறு," என்றேன். அதற்கு மேல் என்னிடம் ஒரு காசு கிடையாது.

"அறுநூறு! டுவைட், என்னப்பா சொல்ற?" என்றார் கர்னல்.

"இருங்க கர்னல்." அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மெஷினிடம் போனான். ஒரு கையை ஊன்றிக்கொண்டு மிதியில் முழு எடையோடு ஏறினான். அவன் ஊன்றியது அந்தக் கைப்பிடியின் மேல். இன்னும் நன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டு உதை உதை என்று உதைத்தான். மிதி அசையுமா?

"சீ, வேணாம். அந்தம்மாவே கட்டிக்கிட்டு அழட்டும்."

"வித்தாச்சு!" என்றார் கர்னல்.

நான் பணத்தைக் கட்டிவிட்டு வந்து ஆரினைத் தண்ணீர் பிடிக்க அனுப்பினேன். மார்லிஸ் காபிக் கடையை விட்டுவிட்டு சோப்புத் தூளோடு ஓடிவந்தாள்.

"டுவைட், எண்ணெய் கலந்த பெட்ரோல் உன் வண்டில இருக்குமே. கொஞ்சம் குடேன்."

"தாராளமா! பெட்ரோல் ஊத்தினா கல்லும் ஓடும்னு நெனப்பு போல," என்று இளித்துக்கொண்டே கேனை நீட்டினான்.

பெட்ரோலை ஊற்றினேன், ஆரின் தொட்டியில் தண்ணீரை நிரப்பினான், மார்லிஸ் சோப்புத் தூளைப் போட்டாள். புகைக்குழாயைக் கூட்டத்துக்கு வெளியே இழுத்துவிட்டேன். பிறகு எல்லோர் கண்ணெதிரிலும் கைப்பிடியை மேலே தூக்கினேன். டக் என்றது. டுவைட்டின் இளிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

மிதித்தேன். வெண்ணெயில் கால் வைத்த மாதிரி இறங்கியது. எஞ்சின் இருமியது. மறுபடி மிதித்தேன், ஒன்றுமில்லை. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு மிதி கொடுத்தேன். பிடித்துக்கொண்டது. படபடபடவென்று அந்தப் பண்ணையே அதிர்ந்தது. கைப்பிடியை இறக்கினேன், தொட்டிக்குள் தண்ணீர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுழன்று நுரைத்தது. மார்லிஸ் இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரிக்கவும் செய்தாள். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினேன்.

"டுவைட்! சட்டையக் கழட்டு!"

"என்னது?"

"கழட்டுய்யா! காலர்ல ஒரு போகத்துக்கு வெதைக்கலாம், அவ்ளோ மண்ணு இருக்கு!"

கூட்டம் கை தட்டியது. வேறு வழியில்லாமல் கழற்றிக் கொடுத்தான். குளிர்ந்த ஏப்ரல் காற்றில் பனியனோடு, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். சட்டையைத் துவைத்து, அலசி, பொத்தான்கள் உடையாமல் உள்பக்கமாக மடித்து, உருளைகளுக்குள் கொடுத்தேன். அந்தப் பக்கம் தட்டையாக வெளியே வந்தது. வாங்கிப் பிரித்து ஒவ்வொரு பொத்தானாகத் தடவிப் பார்த்தான். எல்லாம் இருந்தன.

"தொள்ளாயிரம் தரேன்," என்றான் மெதுவாக. "நீ சொன்ன விலைதானே."

"நான் விலைதான் சொன்னேன். விக்கறேன்னு எப்ப சொன்னேன்?"

"ஆயிரத்து இருநூறு."

"ஆரின், வண்டியப் பின்னால எடு."

டுவைட் ஈரச் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டான். பிறகு யாரும் கூப்பிடாமல் தானே வந்து மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தான். மறுபக்கம் ஆரின். இரண்டு பேரும் மூச்சுப் பிடித்துத் தூக்கினார்கள். ஆரினின் கால் வண்டிப் பலகையில் இடறியது.

"டேய், மெதுவாடா!" என்று அலறினான் டுவைட். "தொட்டி நசுங்கிடப் போகுது!"