பானட் ஏன் சூடாக இருந்தது?

1

இந்தக் கதை ஓர் உள்ளங்கையிலிருந்து வந்தது. பழைய டிராக்டர் வாங்க வந்த ஒருவர், விற்பவருக்கு வணக்கம்கூடச் சொல்லாமல் நேரே போய் எஞ்சின் மூடியான பானட்டில் கை வைத்தார், காய்ச்சல் பார்ப்பதுபோல. பிறகுதான் சிரித்தார். ஏன் என்று கேட்டேன்.

"ராத்திரி பூரா நின்ன வண்டி சில்லுனு இருக்கணும். சூடா இருந்தா, நமக்கு முன்னாடியே யாரோ ஓட்டி வச்சிருக்காங்க."

என்னிடம் இருந்த சரக்கு அவ்வளவுதான். மீதி நான் கட்டியது. ஆகவே எதையும் நம்பிவிடாதீர்கள்.

2

முதல் தொடக்கம்: "விடியலில் டிராக்டர் மௌனமாக..."

வேண்டாம். டிராக்டருக்கும் மௌனத்துக்கும் ஏழாம் பொருத்தம்.

இரண்டாவது: டிராக்டர் வாங்க வந்தவருக்கு ஊரார் வைத்த பெயர் 'சந்தேகம்'. தீப்பெட்டி வாங்கினால் ஒரு குச்சியை உரசிப் பார்த்துவிட்டுத்தான் பையில் போடுவார். இத்தனை காலம் அடுத்தவர் டிராக்டரை ஓட்டியவர், சொந்த வண்டி வருகிறது என்ற தைரியத்தில் முதலாளியிடம் "இனி வரல" என்று சொல்லிவிட்டார். உழவு தொடங்கப் போகிறது. வண்டி நடுவயலில் படுத்துவிட்டால், அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதைதான்.

விற்பவர் அவருடைய சகலை. மனைவியின் தங்கை கணவர். (வேறு யாராவதாக மாற்றலாமா என்று பார்த்தேன். மாற்றினால் கதை சுலபமாகிவிடுகிறது.)

3

"வாங்க சகல. கை வைக்காம உள்ள வர மாட்டீங்களே!"

பானட் சுட்டது.

"காலையிலேயே ஓட்டினீங்களா?"

"உங்களுக்குத் தோதா இருக்கட்டும்னு திருப்பி நிறுத்தினேன். அவ்வளவுதான்."

திருப்பி நிறுத்தியதற்கு இவ்வளவு சுடாது. சகலை சாவியைத் திருப்பினார். எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்தது. புகை இல்லை, தட்டும் சத்தம் இல்லை. அணைத்துவிட்டு ஆயில் குச்சியை உருவிக் காட்டினார். தேன்போலப் புது ஆயில்.*

"ஆறட்டும் சகல," என்றார் சந்தேகம். "ஆறினப்புறம் ஒருதரம் ஸ்டார்ட் பண்ணிப் பாத்துடுவோம்."

"எஞ்சின் ஆறுறதுக்குக் காத்திருக்கணுமா? எங்க கல்யாணப் பேச்சுக்குக்கூட நீங்க இவ்வளவு நேரம் உக்காரல."

"அதான் தப்பாப் போச்சு," என்றாள் கூட வந்திருந்த சந்தேகத்தின் மனைவி.

* வாசகருக்கு: பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்தால் உள்ளே அழுத்தம் கசியும், ஆயில் எரிந்து நீலப் புகை வரும். குளிர்ந்த எஞ்சின் லேசில் பிடிக்காது. சூடேறிவிட்டால் பரம சாது. கெட்டியான ஆயிலை ஊற்றினால் தட்டும் சத்தமும் அமுங்கிவிடும். விற்கப் போகிற வண்டிக்குப் புது ஆயில் ஊற்றும் தாராள மனசை நான் இதுவரை கண்டதில்லை.

4

நான்கு பேரும் கூடத்தில் உட்கார்ந்து ஓர் எஞ்சின் ஆறுவதற்காகக் காத்திருந்தார்கள்.

"வண்டி வெயில்ல நிக்குது. நிழல்ல போட்டுட்டு வந்துடறேன்," என்று சகலை எழுந்தார். 

"உக்காருங்க. டிராக்டர் கருத்துடாது," என்றார் சந்தேகம்.

(இங்கே தங்கையைப் பற்றி எழுத வேண்டும். தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன், எனக்கு அவள்மேல் நம்பிக்கை இல்லை.) டீ போடுகிறேன் என்று போன தங்கை, நேரம் கழித்து வெறுங்கையோடு வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சந்தேகம் வெளியே போய்க் கை வைத்தார். சில்லென்று இருந்தது. இவ்வளவு சீக்கிரமா? குனிந்தார். பானட்டின் ஓரத்தில் தண்ணீர் சொட்டியது. ஆயில் குச்சியை உருவினார், விரலைச் சுட்டது. திரும்பினார். வாசலில் நின்ற தங்கையின் சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது.

"ஆறிடுச்சா சகல?" என்றார் பின்னால் வந்த சகலை.

கேட்டுவிட்டால் அக்காவும் தங்கையும் இந்த ஜென்மத்தில் பேசிக்கொள்ளமாட்டார்கள். கேட்காவிட்டால் வருஷமே போச்சு.

5

முடிவு ஒன்று: நீலப் புகை கிளம்புகிறது, சண்டை...

அந்த வரியை அடித்துவிட்டேன். புகையைச் சாட்சி சொல்லவைப்பது மலிவான வேலை.

முடிவு இரண்டு: எஞ்சின் நன்றாகவே பிடிக்கிறது, சந்தேகம் வெட்கப்படுகிறார். இதை நானே நம்பவில்லை.

மூன்றாவதை யோசிக்கும்போது, என்னைக் கேட்காமல் தங்கை வாய் திறந்தாள்.

"இப்ப வேணாம் அத்தான். நாளைக்குக் காலையில வாங்க. சாவியை நீங்களே எடுத்துட்டுப் போங்க."

சகலை அவளைப் பார்த்த பார்வையை எழுதிப் பார்த்தேன்; வரவில்லை. புருஷனுக்காகத் தண்ணீர் ஊற்றினாளா, இல்லை, அத்தான் கண்டுபிடிக்கட்டும் என்றே ஊற்றினாளா? குச்சியை உருவாமல் இவர் விடமாட்டார் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் பழைய டிராக்டரைக் கிளப்பச் சாவியே வேண்டாம், ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். அதுவும் அவளுக்குத் தெரியாததா?

சந்தேகம் சாவியை வாங்கிக்கொண்டார். அவர் மனைவி மட்டும் கிளம்பவில்லை.

"நான் இன்னைக்கு இங்கேயே தங்கறேன்டி. உன்கூடப் படுத்துப் பேசி ரொம்ப நாளாச்சு."

அதைக் கேட்டதும் தங்கையின் முகம் மலர்ந்ததா, வாடியதா? நான் எழுதப் போவதில்லை. காலையில் நீங்களே போங்கள். யாருக்கும் வணக்கம் சொல்லாமல், முதலில் கையை வையுங்கள்.