மானைக் காட்டாத வீடு

மான் வேட்டைக் காலம் தொடங்கிவிட்டால் எங்கள் மாவட்டத்தில் ரத்தத்துக்கு மதிப்பே கிடையாது. வண்டியின் பின்தட்டில் ரத்தம், பெட்ரோல் பங்க் தரையில் ரத்தம், சர்ச்சுக்கு வருகிறவர்களின் பூட்ஸில்கூட ரத்தம். அதனால் ஆர்டித் அம்மாள் போன் செய்து, பக்கத்து வீட்டுப் படியில் ரத்தமாகக் கிடக்கிறது என்றபோது காவல் அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தோம். மேல் மிச்சிகனில் நவம்பர் மாதம் ரத்தம் இல்லாத படி இருந்தால் சொல்லச் சொல்லுங்கள், போய்ப் பார்க்கிறேன் என்றேன். ஷெரிஃப் முறைத்தார். வாயை மூடிக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

கூட வந்தவள் ஜனெல். வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சட்டமெல்லாம் அவளுக்கு நுனி நாக்கில் இருக்கும், அதனாலேயே எனக்கு அவளோடு வண்டியில் போவதென்றால் கொஞ்சம் அலுப்பு.

அது வெண்டெல் கோஸ்கியின் வீடு. மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்ப்பவன், பள்ளியில் என்னோடு ஐஸ் ஹாக்கி ஆடியவன். அவனுடைய தம்பி டேல் சிறைத் தண்டனை முடிந்து வந்து அண்ணனோடு தங்கியிருந்தான். அப்படிச் சிறைக்குப் போய் வந்தவன் துப்பாக்கியைத் தொட்டாலே மறுபடியும் உள்ளே போக வேண்டியதுதான். வேட்டைக் காலத்தில் அவனைப் பார்க்கவே பாவமாக இருக்கும் என்று ஊரே பேசிக்கொண்டது.

படியில் ரத்தம் உறைந்திருந்தது. கதவைத் தட்டினேன். வெண்டெல் ஒரு முகம் தெரிகிற அளவுக்குத் திறந்து, இடைவெளியை உடம்பால் அடைத்துக்கொண்டு நின்றான். சட்டைக் கையெல்லாம் சிவப்பு. காலையில் ஒரு மான் விழுந்தது, அதைத்தான் அறுத்துக்கொண்டிருந்தேன் என்றான். சரிதான் என்று நான் திரும்பிப் போகப் பார்த்தேன். ஜனெல் என் கையைத் தொட்டு, கதவின் கைப்பிடியைக் கண்ணால் காட்டினாள். அதிலும் ரத்தம்.

உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போகிறோம் என்றேன். வீடு கலைந்து கிடக்கிறது, வேண்டாம் என்றான். வேண்டாம் என்று அவன் சொன்ன பிறகு வாரண்ட் இல்லாமல் நிலைப்படியைத் தாண்ட முடியாது. வாரண்டுக்குக் கையெழுத்துப் போட வேண்டிய நீதிபதியோ சிக்னல் கிடைக்காத காட்டில், தன் கூடாரத்தில் மானுக்காகக் காத்திருக்கிறார். ஜனெல் என்னைக் கொஞ்சம் தள்ளி இழுத்து, மெதுவாகச் சொன்னாள்.

"சந்தேகத்துக்கெல்லாம் உள்ள போக முடியாதுங்க. உள்ள ஒரு உயிர் ஆபத்துல இருக்குன்னு நம்ப நம்மகிட்ட காரணம் இருக்கணும். என்ன காரணம் சொல்லுவீங்க?"

ஏதாவது காரணம் கிடைக்கிறதா பார்க்கலாம் என்று கதவுக்குத் திரும்பிப் போய், கொம்பு எத்தனை கிளை என்று கேட்டேன். எட்டு என்றான். எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

"எட்டா? அடப்பாவி, எங்க, காட்டு."

"இப்ப வேணாம் ஆர்விட். அப்புறம் பாக்கலாம்."

எங்கள் ஊரில் மான் சுட்டவன் அதைக் காட்டாமல் விட்டதே இல்லை. தபால்காரரை நிறுத்திக் காட்டுவான், பேச்சுவார்த்தை இல்லாத மச்சானைக்கூடக் கூப்பிட்டுக் காட்டுவான். எட்டுக் கிளைக் கொம்பென்றால் முற்றத்து மரத்தில் தொங்கவிட்டு, ஊர் பார்த்து முடிக்கும்வரை இறக்கமாட்டான். வெண்டெலின் முற்றத்து மரம் வெறுமையாக நின்றது. அதோடு, மானைக் காட்டிலேயே குடல் எடுத்துவிட்டுத்தான் கொண்டுவருவோம், வாசல் வழியாக வீட்டுக்குள் யாரும் இழுத்துப் போகமாட்டோம்.

டேல் எங்கே என்று கேட்டேன். டவுனுக்குப் போயிருக்கிறான் என்றான். டேலின் வண்டி எங்களுக்குப் பின்னால், முந்தின நாள் பனியைச் சுமந்தபடி நின்றிருந்தது. உள்ளே எங்கோ தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

அப்போதும் நான் தள்ளவில்லை. பயம்தான், வேறென்ன? உள்ளே ஒன்றும் இல்லை என்றால் என் வேலை போகும். இருந்துவிட்டால், நான் போனது தப்பென்று வக்கீல் என்னைக் கூண்டில் நிறுத்தி உரித்துவிடுவார். அதனால் கெஞ்சினேன். சேர்ந்து ஆடிய ஆட்டங்களைச் சொன்னேன், அவனுடைய அம்மாவைச் சொன்னேன். உள்ளே விடு என்று எத்தனை விதமாகக் கேட்க முடியுமோ அத்தனை விதமாகக் கேட்டேன். அவன் முடியாது, முடியாது என்றே சொன்னான். ஆனால் கதவைச் சாத்தவும் இல்லை.

உள்ளே ஏதோ கனமாக விழுந்தது.

தோளைக் கொடுத்துத் தள்ளினேன். வெண்டெல் தடுக்கவே இல்லை, எலும்பே இல்லாதவன்போல் சுவரில் சாய்ந்துகொண்டான். குளியலறைத் தரையில் டேல் கிடந்தான். தொட்டியிலிருந்து எழப் பார்த்து விழுந்திருக்கிறான். தொடையில் பெல்ட் இறுக்கிக் கட்டியிருந்தது, துண்டுகளெல்லாம் நனைந்து ஊறியிருந்தன. மூலையில் துப்பாக்கி. காலையில் காட்டில், விழுந்து கிடந்த மரத்தைத் தாண்டும்போது வழுக்கி, தன் தொடையில் தானே சுட்டுக்கொண்டிருக்கிறான். ஜனெல் மண்டியிட்டுப் பெல்ட்டை இன்னும் இறுக்கினாள். நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். டேல் எங்களைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்த்தான்.

"திறக்கமாட்டேன்னு சொன்னியே."

"நான் திறக்கலடா."

உயிர் பிழைத்துவிட்டான். ரத்தம் நிறையப் போய்விட்டது, கொண்டுவரத் தாமதமாகிவிட்டது என்று சொல்லி டாக்டர் காலை எடுத்துவிட்டார். ஷெரிஃப் ஆஸ்பத்திரிக்கே வந்து என் முதுகில் தட்டினார். ஒவ்வொரு காரணமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பொறுத்து உள்ளே போயிருக்கிறாய், எந்த நீதிபதியும் குறை சொல்ல முடியாது என்றார். ஜனெலும் தலையாட்டினாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

அவர்கள் போன பிறகு வெண்டெலுக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் குடிக்கவில்லை.

"கதவைத் திறக்கமாட்டேன்னு டேல் தன் தலைமேல சத்தியம் வாங்கிட்டான். செத்தாலும் சாவேன், ஜெயிலுக்குப் போகமாட்டேன்னுட்டான். நீ தள்ளிட்டு வந்துருவேன்னுதான் நான் சாத்தாம நின்னேன்." காபியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். "எதுக்கு ஆர்விட் அவ்வளவு நேரம் பேசிட்டிருந்தே?"