ஏழு தளத்திலும் காலியாக விட்ட இடம்

முதலாளியின் அறிமுக அட்டையில் 'உலகங்களின் சிற்பி' என்று அச்சடித்திருந்தது. அந்த உலகங்கள் எல்லாம் ஒரு டயர் கடையின் மாடியில், ஒரே ஒரு மின்விசிறியின் கீழ் படைக்கப்பட்டு வந்தன. கீழே டயருக்குக் காற்றடிக்கும்போது உலகங்கள் லேசாக அதிரும். சிற்பி அதைக் கண்டுகொள்ள மாட்டார்.

அவர் விற்பது ஒரு விளையாட்டு. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, தங்களை வாளேந்திய வீரர்கள் என்றும் மந்திரவாதிகள் என்றும் நம்பிக்கொண்டு, பகடை உருட்டியபடி ஒரு பாதாளக் கோட்டைக்குள் இறங்குவார்கள். ஒருவர் மட்டும் கதைசொல்லியாக இருந்து, "இப்போ உங்க முன்னாடி ஒரு இரும்புக் கதவு" என்று சொல்லிக்கொண்டே போவார். கோட்டைக்கு வரைபடம் வேண்டும். சிற்பியின் புதிய கோட்டைக்கு ஏழு தளங்கள். "ஏழுங்கறது சும்மா எண்ணிக்கை இல்ல, அது ஒரு தத்துவம்" என்பார். என்ன தத்துவம் என்று யாராவது கேட்டால் அவருக்கு அவசரமாக ஒரு போன் வந்துவிடும்.

படம் வரைய அவர் பிடித்துவந்தது, அதுவரை அடுக்குமாடி வீடுகளுக்குப் பிளான் வரைந்துகொண்டிருந்த ஒரு பெண்ணை. வந்த வேகத்திலேயே அவளுக்கு 'பிளான் மேடம்' என்று பெயர் விழுந்துவிட்டது. அவள் கேட்ட கேள்விகள் அப்படி.

"சார், மூணாவது தளத்துல டிராகன் படுத்திருக்குல்ல? அது எந்த வழியா உள்ள வந்துச்சு? நடை அகலம் பத்தாதே."

"அது மாயம், மேடம்."

"சரி, மாயமாவே வரட்டும். நாலாவது தளத்துல காவலுக்கு அத்தனை பூதம் நிக்குது. ஒரு கக்கூஸ்கூட இல்லையே சார்?"

"காவியத்துல கக்கூஸ் கேக்குறீங்களா!"

"காவியத்துல இருக்கறவங்களும் சாப்பிடுறாங்கல்ல?"

சிற்பி கண்ணை மூடிக்கொண்டார். அந்த இடைவெளியில் அவள் பூதங்களுக்குக் கழிப்பறை போட்டுவிட்டாள், காற்றுப் போக ஜன்னலோடு.

அவளிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. கதவு வரைந்தால் பக்கத்தில் கால்வட்டமாக ஒரு வளைவு இழுப்பாள். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதற்கு வீட்டுப் பிளானில் போடும் அடையாளம் அது. "இது பாதாளம் மேடம், ஃபிளாட் இல்ல" என்று சிற்பி தலையில் அடித்துக்கொள்வார். "எந்தக் கதவா இருந்தாலும் ஒரு பக்கமாத்தான் சார் திறக்கும்" என்று அவள் வளைவை இழுத்து முடிப்பாள்.

ஏழு தளங்களையும் தனித்தனி டிரேசிங் தாளில் வரைந்தாயிற்று. அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசைமேல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்க்க வேண்டும். மேல்தளத்துப் படிக்கட்டு கீழ்தளத்தில் அதே இடத்தில் வந்து இறங்குகிறதா என்று சரிபார்க்க அதுதான் வழி. அடுக்கினாள். படிகள் மயிரிழை பிசகாமல் பொருந்தின. ஆனால் தாள்களின் இடது ஓரத்தில் ஒரு வெள்ளைக் கட்டம் பளிச்சென்று தெரிந்தது. ஏழு தாள்களிலும் ஒரு கோடுகூட அதற்குள் போகவில்லை. நடைவழிகள் அதன் அருகே வந்து, தயங்கி, வளைந்து, சுற்றிக்கொண்டு போயிருந்தன.

இந்தத் தொழிலில் இது பெரிய தப்பு. விளையாட்டுக்காரர்கள் காலியிடத்தை மோப்பம் பிடித்துவிடுவார்கள். சுற்றிலும் சுவர், நடுவில் ஒன்றுமில்லை என்றால் அங்கே ரகசிய அறை இருக்கிறது என்றுதான் அர்த்தம். அதை உடைக்காமல் நகர மாட்டார்கள், டிராகன் பட்டினி கிடந்து செத்தாலும் சரி.

அவள் வேண்டுமென்று விடவில்லை. தளத்துக்குத் தளம் வேறு நாளில், வேறு மனநிலையில் வரைந்தது. அளவுகோலை எடுத்துக் கட்டத்தின்மேல் வைத்தாள். நீளம் பார்த்தாள், அகலம் பார்த்தாள். ஒரு பக்கம் ஜன்னலுக்காக உள்வாங்கிய சின்னப் பள்ளம்கூட இருந்தது. அளவுகோலைத் தாளில் பட்டுவிடாமல் மெல்ல எடுத்துத் தள்ளி வைத்தாள். அந்த அறைக்குக் கட்டில் வாங்கியபோது அளவெடுத்தவளே அவள்தான்.

அது அண்ணனின் அறை.

அண்ணன் போய் ஒரு மழைக்காலம் முடிந்திருந்தது. கடைசி நாட்களில் அவருக்குக் குரல் போய்விட்டது. ஏதாவது வேண்டுமென்றால் படுத்தபடியே ஸ்பூனால் சுவரில் தட்டுவார். டொக். கொஞ்சம் நிறுத்தி, டொக் டொக். இப்போது அந்த வீட்டில் அவளும் அண்ணியும்தான். எல்லாம் முடிந்த மறுநாளே அண்ணி ஒற்றை ஆளாக இரும்பு பீரோவை நகர்த்தி அந்த அறைக் கதவை மறைத்து வைத்துவிட்டாள். ஏன் என்று இவள் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டாள்.

அச்சுக்குப் போகும் முன் ஒத்திகை ஆட்டம் நடந்தது. சிற்பி ஜன்னல் திரைத் துணியில் தைத்த கறுப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு கதைசொல்லியாக அமர்ந்தார். ஆட வந்தவர்களில் ஒருவர் பல் டாக்டர், இன்னொருவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். டாக்டர் மாவீரன். ஓட்டுநர் மந்திரவாதி. அவள் ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுத்தாள்.

முதல் தளத்திலேயே டாக்டர் விரலை வைத்துவிட்டார். "இந்தச் சுவருக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

"பாறை" என்றார் சிற்பி, இடி இடிப்பதுபோல.

"சொத்தைப் பல்லும் வெளியில பாறை மாதிரிதான் சார் இருக்கும். நான் காதை வச்சுக் கேக்குறேன்."

டாக்டர் பகடையை உருட்டினார். நல்ல எண் விழுந்தது. சிற்பி தன் மோதிர விரலால் மேசையில் தட்டினார். டொக். கொஞ்சம் நிறுத்தி, டொக் டொக்.

அவள் கையிலிருந்த பென்சில் முனை ஒடிந்தது. தற்செயல் என்று சொல்லிக்கொண்டாள். தட்டத் தெரிந்த யாரும் அப்படித் தட்டலாம்.

ஐந்தாம் தளத்தில் மறுபடி அதே சுவர். "இப்ப நான் கேக்குறேன்" என்றார் ஓட்டுநர். சிற்பி எழுந்து நின்று, அங்கியை வௌவால்போல விரித்து, இரண்டு கைகளையும் கூரை உத்தரம் நோக்கித் தூக்கி, "எச்சரிக்கிறேன் மானிடர்களே!" என்று தொடங்கினார். அப்போது சத்தம் வந்தது.

டொக். கொஞ்சம் நிறுத்தி, டொக் டொக்.

கீழே டயர் கடைக்கு அன்று விடுமுறை.

"சூப்பர் சார்!" டாக்டர் கைதட்டினார். "ஸ்பீக்கரை எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

சிற்பியின் முகம் வெளுத்துப்போனது. கைகள் மேலேயே நின்றன. ஆனாலும் கைதட்டல் என்று ஒன்று வந்த பிறகு அதைத் திருப்பி அனுப்பும் வழக்கம் அவருக்குக் கிடையாது. "அதெல்லாம் தொழில் ரகசியம்" என்றார்.

எல்லோரும் போன பிறகு அவர் அவளைக் கூப்பிட்டார். அங்கி நாற்காலியில் கிடந்தது. அது இல்லாமல் அவர் சின்ன ஆளாகத் தெரிந்தார்.

"மேடம், அந்த இடத்துல எதையாவது போட்டு அடைச்சிடுங்க. நாளைக்குச் சாயந்தரம் அச்சுக்குப் போகணும்."

"எதைப் போட்டு சார்?"

"முழுக்கக் கறுப்பா தீட்டிப் பாறையாக்கிடுங்க. இல்லன்னா..." அவர் சுவரைப் பார்க்காமல் பேசினார். "ஒரு பேயைப் போட்டுடுங்க. செலவில்லாம முடிஞ்சிடும்."

அவள் பேனாவை எடுத்தாள். முதல் தாளின் வெள்ளைக் கட்டத்தின் மூலையில் மையை வைத்தாள். ஒரு கோடு இழுத்தாள். அடுத்ததை இழுக்கக் கை வரவில்லை. அண்ணனுக்குச் சாத்திய கதவு என்றாலே ஆகாது. குளிக்கப் போனால்கூட யாராவது சத்தம் போட்டால்தான் கதவைச் சாத்துவார். அவரை நாலு பக்கமும் பாறை வைத்து ஏழு தளத்துக்கும் மூடுவதா? தாள்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

அண்ணி பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். தையல் மெஷின் பீரோவை ஒட்டி, வீட்டிலேயே வெளிச்சம் குறைந்த மூலையில் கிடந்தது. ஜன்னலோரம் இடம் சும்மா இருந்தது. இத்தனை நாளும் பார்த்த காட்சிதான். இன்றுதான் அவளுக்கு உறைத்தது. மெஷின் கடகடவென்று ஓடும், சட்டென்று நிற்கும், அண்ணி தலையைச் சாய்த்துக்கொள்வாள், மறுபடி ஓடும்.

"அண்ணி, உங்களுக்கும் கேக்குதா?"

மெஷின் நின்றது. "உனக்கு எப்பயிருந்து?"

"இன்னைக்குத்தான். ஆபீஸ்ல."

"ஆபீஸ்லயா? அங்க எதுக்குப் போனாரு?" அண்ணியின் குரலில் பயமில்லை. கணவன் சொல்லாமல் வெளியே போய்விட்ட கோபம் இருந்தது. "இங்க தெனமும் தட்டுறாரு. நானும் இருக்கேன்னு ஒரு குரல் குடுப்பேன். அவ்வளவுதான்."

"அப்ப பீரோவை எடுத்துட்டுக் கதவைத் தொறக்கலாம்ல?"

"தொறந்தா போயிடுவாரு" என்றாள் அண்ணி, நூலைக் கடித்துத் துப்பிவிட்டு. "தட்டுறது ஒண்ணுதான் மிச்சம். அதையும் விடச் சொல்றியா?"

அவள் ஒத்திகையில் நடந்ததைச் சொன்னாள். அங்கி, உத்தரம் நோக்கித் தூக்கிய கை, டாக்டரின் பாராட்டு, தொழில் ரகசியம் எல்லாவற்றையும்.

"இரு, இரு. யாரு தட்டினதுக்கு யாருக்குக் கைதட்டல்?"

"முதலாளிக்கு."

"அந்த ஆளு வாங்கிக்கிட்டானா?"

"தலையாட்டி வாங்கிக்கிட்டாரு, அண்ணி."

அண்ணி எழுந்தாள். மடியிலிருந்த சட்டைக் காலர்கள் தரையில் கொட்டின. "என் புருஷன் உள்ள கிடந்து கூப்பிடுறாரு. அதைக் கண்டவன் வித்தை காட்டிப் பேர் வாங்குறதா?" அவள் பீரோவின் முனையைப் பிடித்தாள். பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கோபம் வடிந்து, பீரோவின் கண்ணாடியில் அவள் முகம் மட்டும் மிஞ்சியது. வெகு நேரம் அதைப் பார்த்தாள். "நானும் அதைத்தானே பண்ணிட்டு இருக்கேன், அவரு கூப்பிடுறதை எனக்குன்னு வச்சுக்கிட்டு" என்றாள். பிறகு, "அந்தப் பக்கம் பிடி."

பீரோ தரையைக் கீறிக்கொண்டு நகர்ந்தது. கதவு பூட்டியிருக்கவில்லை. கட்டில் இடிக்கிறது என்று முன்பே அதைக் கூடத்துப் பக்கம் திறக்கும்படி மாற்றி மாட்டியிருந்தார்கள். பீரோ நின்றவரைக்கும் உள்ளிருந்து எவ்வளவு தள்ளினாலும் திறந்திருக்காது. இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு பார்த்திருக்க, கதவு தானாக நகர்ந்தது. கால்வட்டம் போட்டு, எப்போதும் வந்து நிற்கும் இடத்தில் வந்து நின்றது. உள்ளே கட்டில், ஜன்னல், தூசி. சுவரோரத் தரையில் ஒரு ஸ்பூன்.

"சொல்லிட்டாவது போகலாம்ல" என்றாள் அண்ணி, யாரையும் பார்க்காமல். அவள் சொன்னதற்குத் தட்டல் ஒன்றும் வரவில்லை.

அன்று மாலையே அவள் ஏழு தாள்களிலும் அந்தக் கட்டத்துக்கு ஒரு கதவு போட்டாள். இழுத்திருந்த ஒற்றைக் கோட்டைச் சுரண்டி எடுத்தாள். வளைவை வெளிப்பக்கமாக இழுத்தாள். உள்ளே எதுவும் போடவில்லை.

அச்சாகி வந்த படத்தோடு முதல் ஆட்டம் நடந்தது. மறுபடி அங்கி, மறுபடி டாக்டர். "கதவு இருக்கே! தொறக்குறேன். உள்ள யாரு?"

சிற்பி இடிக்குரலுக்காக நெஞ்சை நிரப்பிக்கொண்டார். வாயைத் திறந்தார். வந்தது சின்னக் குரல். "அவரு போயிட்டாரு."

"யாரு சார்?"

"தெரியல" என்றார் சிற்பி. அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுதாரித்து, "அதான் தத்துவம்" என்றார். டாக்டர் கைதட்டினார்.

அவள் வீட்டுக்கு வந்தபோது மெஷின் ஜன்னலோரம் போயிருந்தது. அறைக் கதவு அகலத் திறந்திருந்தது. அண்ணி தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் அண்ணிக்கு எதிரே உட்கார்ந்து புதிய தாளை விரித்தாள். நடுவில் ஒருமுறை மெஷின் சட்டென்று நின்றது. பேனாவைத் தூக்கியபடி அவளும் காத்திருந்தாள்.

அண்ணி நூற்கண்டு மாற்றினாள். மெஷின் மறுபடி ஓடியது.