விளம்பர இடைவேளையில் மருதாணிக் கை

1

இந்தக் கதை எனக்கு ஏழு விநாடியில் கிடைத்தது. திருடினேன் என்றும் சொல்லலாம்.

நோன்புப் பெருநாள் முடிந்து வந்த சனிக்கிழமை, காலை பதினொரு மணி. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு டிவியில் 'சனிக்கிழமை ஆய்வகம்' ஓடிக்கொண்டிருந்தது. திருச்சி லோக்கல் சேனல், பள்ளிப் பிள்ளைகளுக்கான அறிவியல் வகுப்பு, நேரலை. நான் பள்ளிப் பிள்ளை இல்லை. பத்தாவதில் பாதியில் நின்றவள். அதனால் கீரை ஆய்வதுபோல உட்கார்ந்துதான் அதைப் பார்ப்பேன்.

திரையில் மேசை மட்டும் தெரிந்தது. இரண்டு கைகள் ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் நூலை இறக்கின. கைகள் நிறைய மருதாணி. அடுத்த காட்சியில் பாடம் நடத்தும் மேடம் முழுதாகத் தெரிந்தார். அவர் கைகளில் மருதாணி இல்லை.

பிள்ளைகள் வரிசையில் ஒருத்தி எழுந்தாள். "மேடம், அது யாரு கை?"

உடனே விளம்பரம். புடவைக் கடை, சிமென்ட், மறுபடியும் புடவைக் கடை. நான்கு நிமிடம்.

அந்த நான்கு நிமிடத்தில் அங்கே என்ன நடந்தது என்பதுதான் கதை. எனக்குத் தெரியாது. விளம்பரம் முடிந்ததும் சில விஷயங்கள் கண்ணில் பட்டன. அவற்றைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் நீங்கள் எனக்கு முன்னால் போய்விடுவீர்கள்.

2

முதல் தொடக்கம்: [காவிரிப் பாலத்தின்மேல் காலை வெயில் மெல்ல]

வேண்டாம். அந்தக் கைக்குச் சொந்தக்காரி காவிரியைப் பார்த்துக்கொண்டு வரவில்லை. பாலக்கரையிலிருந்து பஸ்ஸில், மடியில் குடுவையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் மூச்சை அடக்கியபடி வந்தாள்.

இரண்டாவது தொடக்கம்: கே.கே. நகர் ஸ்டுடியோவில் ஸஹ்ராவுக்குப் பெயர் கிடையாது. அவளை 'கை' என்றுதான் கூப்பிடுவார்கள்.

இது நிற்கும்.

(ஸஹ்ரா என்பது ஒன்பதாவதில் என் பெஞ்சில் உட்கார்ந்தவளின் பெயர். கேட்காமல் எடுத்துக்கொண்டேன். பாலக்கரைக்கு நான் இரண்டு முறைதான் போயிருக்கிறேன், இரண்டும் செருப்பு வாங்க. எங்கேயாவது பிசகினால் அது என் பிசகு.)

3

"கை வந்தாச்சா?" என்று கேமராமேன் பெரியண்ணன் குரல் கொடுப்பார்.

"வந்தாச்சுண்ணே."

"ரெண்டுமா?"

"ஒண்ணை பஸ்லயே விட்டுட்டேண்ணே."

வாராவாரம் இதே வேடிக்கைதான். வாராவாரம் சிரிப்பார்கள்.

ப்ரியம்வதா மேடம் பிள்ளைகளைப் பார்த்துப் பேச வேண்டும். சோதனையை நெருக்கத்தில் காட்டவும் வேண்டும். அதனால் ஒரு தடுப்புக்குப் பின்னால் இன்னொரு மேசை, அதற்கு நேர்மேலே இன்னொரு கேமரா. ஸஹ்ரா அங்கே நின்று செய்வதுதான் திரையில் வரும். மேடம் போடும் அதே வெள்ளைக் கோட்டு, அதே கறுப்புப் பட்டை வாட்ச். பார்ப்பவர்களுக்கு அவை மேடத்தின் கைகள். மோதிரம் கூடாது, நகச்சாயம் கூடாது, மருதாணி கூடாது. இரண்டு வருடத்தில் நான்கு பெருநாள் வெறுங்கையோடு போயிற்று.

இந்தப் பெருநாளுக்கு அவள் போட்டுக்கொண்டாள்.

ஏன்? [மறந்துவிட்டாள்.] இல்லை. [தூங்கும்போது ஒன்றுவிட்ட தங்கை விளையாட்டாகப்] அதுவும் இல்லை. கோன் வாங்கி, இரண்டு கையையும் நீட்டி, காயும்வரை அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். மறதி அவ்வளவு நேரம் உட்காராது. அவளிடம் கேட்டேன். சொல்லவில்லை. தம்பியின் கெமிஸ்ட்ரி நோட்டின் பின்பக்கங்களில் எழுதி, அலமாரிக் காகிதத்துக்கு அடியில் ஏன் ஒளித்துவைக்கிறாய் என்று யாராவது என்னைக் கேட்டாலும் நான் சொல்லப்போவதில்லை.

அவளைப் பற்றி இன்னும் ஒன்று. பத்தொன்பது வயது. ஒன்பதாவது பாதியில் நின்றவள். ஸ்டுடியோவில் அது யாருக்கும் தெரியாது. முகம் திரைக்கு வந்தால் யாராவது ஒரு பிள்ளை "அக்கா என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்கும். தடுப்புக்குப் பின்னால் நிற்கும் கையை யாரும் அதைக் கேட்பதில்லை. அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான்.

(அவள் நான் இல்லை. நான் பத்தாவது, அவள் ஒன்பதாவது. ஒரு முழு வகுப்பு வித்தியாசம்.)

4

போன வாரம் படிகாரக் கல் வளர்ப்பது எப்படி என்று காட்டியிருந்தார்கள். வெந்நீரில் படிகாரத்தைக் கரைத்து, நூலைத் தொங்கவிட்டு, பத்து நாள் தொடாமல் வைத்தால் கண்ணாடி போல ஒரு கல் வளரும். நேரலையில் பத்து நாள் காத்திருக்க முடியாது. அதனால் இந்த வாரம் காட்டுவதற்காக ஸஹ்ரா முன்கூட்டியே ஒன்றை வீட்டில் பீரோவின்மேல் வளர்த்துவைத்திருந்தாள். "ஊரு உலகம் கண்ணேறுக்குக் கடை வாசல்ல கட்டுது. எம் மக பீரோ மேல வச்சு வளக்குறா" என்றாள் அவள் அம்மா ஆபிதா.

இனி விளம்பரம்.

"யாரு கைன்னு கேட்டேன் மேடம்" என்றாள் அந்தப் பெண் மறுபடியும். பெயர் சுபஸ்ரீ. கைலாசபுரத்திலிருந்து வந்திருக்கிறாள், ஏழாவது.

மேடம் தடுப்புக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது?" என்றவர் குனிந்து பார்த்தார். "நன்னா செவந்திருக்கே. ஆனா ப்ரொட்யூசர் என்னைத் தின்னுடுவார்."

"சாரி மேடம்."

"கையுறை இருக்கு, பிரேக் முடியறதுக்குள்ள மாட்டச் சொல்லுங்க" என்றார் பெரியண்ணன். "அந்தக் கேமரா ஓடிக்கிட்டுதான் இருக்கு, ஹாலுக்குள்ள டிவியில தெரியுது பாருங்க."

பிள்ளைகள் உட்கார்ந்திருந்த ஹாலின் பெரிய டிவியில் மருதாணிக் கைகள் மட்டும் அசையாமல் இருந்தன. சுபஸ்ரீ அவற்றைப் பார்த்துத்தான் பேசினாள்.

"நீங்க செஞ்சா மட்டும் கல்லு வருது. நானும் போன வாரம் அப்படியேதான் செஞ்சேன். வெறும் தூளுதான் வந்துச்சு. உனக்கெல்லாம் சயின்ஸ் வராதுன்னு வீட்ல சொல்றாங்க."

யாரும் சிரிக்கவில்லை. மேடம் ஸஹ்ராவைப் பார்த்தார். "வெளில வந்து நீயே சொல்லு. வளர்த்தது நீதானே?"

5

இங்கேதான் நான் ஒரு வாரம் நின்றுவிட்டேன்.

ஒரு முடிவு: ஸஹ்ரா கைகளை மேசைக்கு அடியில் இழுத்துக்கொள்கிறாள். திரை காலி. சுபஸ்ரீ உட்கார்ந்துவிடுகிறாள். இது நடந்திருக்கலாம். ஆனால் அந்தப் பெண் தனக்குச் சயின்ஸ் வராது என்றே வீட்டுக்குப் போவாள். அப்படி நினைத்துக்கொண்டு போன ஒருத்தி என்ன ஆவாள் என்று எனக்குத் தெரியும். அடித்துவிட்டேன்.

இன்னொன்று: ஸஹ்ரா வெளியே வருகிறாள். ["தங்கச்சி, தோல்விதான் அறிவியலின் முதல்] ஐயோ. அவள் இப்படிப் பேசமாட்டாள். இது கண்ணாடிக்கு முன்னால் நான் பேசிப் பார்ப்பது.

அவளுக்கு என்ன முடியும்? கை முடியும்.

மேசையில் ஒரு தாள் இருந்தது. ஸஹ்ரா பென்சிலை எடுத்தாள். மேலே கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அவள் எழுத எழுத ஹாலில் பிள்ளைகள் கூட்டாகப் படித்தார்கள்:

"எனக்கும்... ஆறு தடவை... தூள்தான் வந்துச்சு."

"ஆறா!" என்றான் ஒருவன்.

"ஃபேனுக்குக் கீழே வைக்காதே. தினமும் எடுத்துப் பார்க்காதே."

"ஐயய்யோ, நான் தினமும் எடுத்துப் பாத்தேனே!" என்றாள் சுபஸ்ரீ. அப்போதுதான் ஹால் சிரித்தது. தடுப்புக்குப் பின்னால் ஸஹ்ராவும் சிரித்தாள், சத்தமில்லாமல்.

பிறகு, வரவேண்டியது வந்தது.

"அக்கா, நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"அம்பது செகண்டு" என்றார் பெரியண்ணன். "கையுறை!"

கைகள் உறையை எடுக்கவில்லை. நன்றாகச் சிவந்த இரண்டு கைகள். அப்புறம் அந்தத் தாளைத் திருப்பின. இடது கையால் மறைத்துக்கொண்டு, மறுபக்கத்தில் ஸஹ்ரா எழுதினாள். யாரும் படிக்க முடியவில்லை. நாலாக மடித்துத் தடுப்புக்கு மேலே நீட்டினாள். மேடம் அதை வாங்கி, பிரிக்காமல், மூன்றாவது வரிசையில் இருந்த சுபஸ்ரீயிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

6

இனி நான் கண்ணால் பார்த்தவை.

விளம்பரம் முடிந்தது. மேசைமேல் இருந்த கைகள் வெள்ளை உறை போட்டிருந்தன. குடுவையிலிருந்து நூலை மேலே தூக்கின. நூல் நுனியில் நகத்தளவு கல், விளக்கில் பளிச்சென்றது. அதுவரை அந்த நிகழ்ச்சியில் பார்த்ததிலேயே மெதுவாக அந்தக் கைகள் அதைத் தூக்கின.

அடுத்து, பிள்ளைகளைக் காட்டினார்கள். மூன்றாவது வரிசையில் கேள்வி கேட்ட பெண். முன்பு அவள் கையில் ஒன்றும் இல்லை. இப்போது மடித்த தாள் ஒன்று இருந்தது. கல்லைப் பார்க்காமல் அதைத்தான் பிரித்துக்கொண்டிருந்தாள்.

தாளின் ஒரு பக்கத்தை நான் எழுதிவிட்டேன். மறுபக்கம் எனக்கு வரவில்லை. ஆறு தடவைக்கு மேல் ஆகிவிட்டது. உண்மையை எழுதினாளா, பொய்யா, அல்லது இனிமேல் செய்யப்போவதையா? நீங்கள் எழுதுங்கள். தம்பி நோட்டில் ஒரு பக்கம் விட்டுவைத்திருக்கிறேன். எதை வேண்டுமானாலும் எழுதலாம், ஒரே ஒரு நிபந்தனை. அதைப் படித்ததும் அந்தப் பெண் நிமிர்ந்து, தடுப்புப் பக்கம் பார்த்து, பல் தெரியச் சிரிக்க வேண்டும்.

அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன். கீரையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தேன்.