சந்தியாகு நட்ட சிலுவைகள்

பங்குச்சாமியாருக்கு என்ன வேலை, காலையில் ஒரு பூசை, சாயங்காலம் ஒரு பூசை, நடுவில் தூக்கம்தானே என்று நினைக்கிறவர்கள் சூசையாபுரத்தில் ஒரு மாதம் இருந்து பார்க்கலாம். தேனிப் பக்கம் தேவாரம் என்ற ஊரை ஒட்டிய மலையடிவாரத்தில் நூற்று இருபது குடும்பங்கள். விடிவதற்கு முன்பே பாதி ஊர் ஜீப்பில் ஏறி கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய்விடும். சாயங்காலம் திரும்பி வந்து, பூசையில் உட்கார்ந்தபடியே தூங்கும். அதை எழுப்புவது மட்டும் சாமியாரின் வேலை இல்லை. பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டுக் கடிதம் கொடுக்க வேண்டும். குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடித்தவனைக் கூப்பிட்டு வைத்துப் பேச வேண்டும். திருவிழாக் கொடியை மேலத்தெரு தூக்குவதா கீழத்தெரு தூக்குவதா என்று வருடாவருடம் ஒரே சண்டையைப் புதிதாகக் கேட்பது போலக் கேட்க வேண்டும்.

தனிஸ்லாஸ் சாமி இங்கே வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. வயது முப்பத்தெட்டு. நேர்மையானவர். அதைவிடத் தொல்லை, தாம் நேர்மையானவர் என்பது அவருக்கே நன்றாகத் தெரியும். முன்னால் இருந்த மூன்று சாமியார்களும் தொடாமல் தட்டிக் கழித்த விஷயத்தை அவர்தான் எடுத்தார். கல்லறைத் தோட்டத்தில் இடம் இல்லை. எட்டு வருடங்களுக்கு முன்னால் ஐப்பசி மழையில் ஓடை உடைத்துக்கொண்டு உள்ளே வந்து, அரை ஏக்கரில் ஒரு பக்கத்தை அரித்துக்கொண்டு போய்விட்டது. மாற்று இடம் கேட்டுக் கொடுத்த மனு எந்த மேசையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சாவு மட்டும் மனுவுக்காகக் காத்திருப்பதில்லை.

பங்குப் பேரவையைக் கூட்டிப் பேசினார். சிலுவை இல்லாத, யாரும் வந்து மெழுகுதிரி ஏற்றாத பழைய குழிகளைத் திறப்பது. கிடைக்கிற எலும்புகளை மரியாதையாக மூலையில் ஒரே குழியில் வைப்பது. அந்த இடத்தில் புதிதாக அடக்கம் செய்வது. பல ஊர்களில் இருக்கிற வழக்கம்தான். இருந்தும் அன்றைக்கு யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மௌனத்தைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள்.

அக்டோபர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை கீழத்தெரு இன்னாசிக் கிழவர் இறந்து போனார். அடக்கம் சாயங்காலம் நாலு மணிக்கு. கோயில்பிள்ளை சந்தியாகு துக்க மணி அடித்துவிட்டு, வேலியோரம் வெறுமையாகக் கிடந்த ஓர் இடத்தைக் காட்டினார். கோயிலைப் பெருக்குவது, மணி அடிப்பது, குழிக்கு இடம் காட்டுவது எல்லாம் நாற்பது வருடமாக அவர்தான்.

"இங்கன யாரும் இல்ல சாமி. இருந்தாலும் கேட்க ஆளு இல்லாத குழிதான்."

பக்கத்து ஊரிலிருந்து வந்த இரண்டு ஆட்கள் தோண்டினார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. முதன்முதலாகத் திறக்கிற குழி என்பதால் சாமியும் குடையோடு வந்து நின்றார். ஆறடி போவதற்குள் மக்கிய பலகைத் துண்டு வந்தது, அப்புறம் எலும்புகள். வெள்ளைத் துணியை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்கள்.

"சாமி, இதுல இரும்பு இருக்கு" என்றான் ஒருவன்.

முன்கை எலும்பு. அதோடு ஒட்டி விரல் நீளத்துக்கு ஒரு தகடு, ஆறு திருகாணிகள். எலும்பு முறிந்தால் ஆஸ்பத்திரியில் வைக்கிற தகடு. யாரோ பாவம், கை முறிந்து பிழைத்த ஆள் போல என்று நினைத்தபடி சாமி அதைச் சந்தியாகுவிடம் நீட்டினார். சந்தியாகு வாங்கவில்லை. அவர் முகம் செத்துப் போயிருந்தது.

தோண்டிய ஆட்களை டீ குடித்து வரச் சொல்லி அனுப்பிவிட்டு, அந்த வயதான மனிதர் சேற்றிலேயே முழங்கால் போட்டார்.

"சாமி, நான் பாவசங்கீர்த்தனம் செய்யணும். இப்பவே."

தனிஸ்லாஸுக்குப் புரிந்துவிட்டது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் சாகும் வரை வெளியே சொல்லக் கூடாது. சொன்ன ஆளிடமே கூட அதைத் திரும்ப எடுக்கக் கூடாது. சந்தியாகுவுக்கு இது பூசைப் புத்தகம் மாதிரி மனப்பாடம். தம் வாயைக் கட்டப் பார்க்கிறார் என்று சாமிக்குக் கோபம் வந்தது.

"எழுந்திரிங்கண்ணே. இந்த விஷயத்தை முதல்ல மனுசனுக்கு மனுசனாச் சொல்லுங்க. பாவமன்னிப்பு அப்புறம் தரேன்."

"சாமி, கும்பிட்டுக் கேக்குறேன்."

"முடியாது."

சந்தியாகு எழுந்தார். ஓடைப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்.

"இது அமலோற்பவம் மக கயலு."

அமலோற்பவத்தைத் தெரியாதவர்கள் ஊரில் இல்லை. புருஷன் நெடுங்கண்டத்துப் பக்கம் வேலைக்குப் போய் அங்கேயே ஒரு குடும்பத்தைத் தேடிக்கொண்டான். ஒரே மகள் கயல். கல்லூரி விடுமுறையில் தோட்ட வேலைக்குப் போனவள், பதினோரு வருடங்களுக்கு முன்னால் கம்பம்மெட்டு வளைவில் ஜீப் கவிழ்ந்து செத்துப் போனாள். பத்தொன்பது வயது. சின்ன வயதில் மாடிப்படியில் விழுந்து கை முறிந்து, தேனி ஆஸ்பத்திரியில் தகடு வைத்ததை சந்தியாகுவே கூடப் போய்ப் பார்த்திருக்கிறார். சனிக்கிழமை தவறாமல் அமலோற்பவம் கல்லறைக்கு வருவாள். கயல் பெயர் போட்ட இரும்புச் சிலுவைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தான் கூலிக்குப் போகும் திராட்சைத் தோட்டத்தில் யார் யாரோடு சண்டை, கரண்ட் எப்போது போனது, எதிர்வீட்டு ஹேமாவதிக்கு என்ன குழந்தை பிறந்தது என்று எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்வாள். வழியில் போகிறவர்களுக்கும் கேட்கும். யாரும் சிரித்ததில்லை.

அந்தச் சிலுவை இந்தக் குழியிலிருந்து பதினைந்து அடி தள்ளி, வேப்பமரத்தடியில் நின்றது.

"வெள்ளம் வந்தப்ப சிலுவை பூராம் பிடுங்கி வேலியில ஒதுங்கிக் கெடந்துச்சு சாமி. ரெண்டடி வண்டல். எது மேடு, எது குழி, ஒண்ணும் தெரியல. கல்லறைத் திருநாளுக்குப் பத்து நாளுதான். அப்ப இருந்த பெரிய சாமி, நட்டு வையி, சனம் வந்து அழுகும்னு சொன்னாக. பதிவேட்டுல பேரு இருக்கு, தேதி இருக்கு, இடம் இல்ல. நானா ஒரு கணக்குப் போட்டு வரிசையா நட்டேன். முப்பத்தி நாலு சிலுவை. கோயில்பிள்ளைக்குத் தெரியாதான்னு ஒருத்தரும் கேக்கல. அவ மட்டும்தான் கேட்டா. இதுதானாண்ணேன்னு கேட்டா. இதேதான் தாயின்னு சொல்லிட்டேன்."

"அந்தச் சிலுவைக்குக் கீழே யாரு இருக்கா?"

"அது கர்த்தருக்குத்தான் தெரியும்."

சாமி குடையை மடக்கினார். நனைந்துகொண்டே நின்றார்.

"அந்தம்மாகிட்டச் சொல்லணும்."

"வேணாம் சாமி. இதை எடுத்துட்டுப் போயி ராத்திரியோட ராத்திரியா அந்தச் சிலுவைக்கிட்டப் புதைச்சிருவோம். பொய்யி உண்மையாகிரும். அந்தப் பொம்பளைக்கு அது ஒண்ணுதான் மிச்சம்."

நல்ல யோசனைதான். இப்போது நினைத்துப் பார்த்தால் அதைவிட நல்ல யோசனையை அந்தச் சுற்றுவட்டாரத்தில் யாரும் சொல்லியிருக்க முடியாது. ஆனால் தனிஸ்லாஸ் சாமிக்கு அது திருட்டுத்தனமாகத் தெரிந்தது. ஒரு தாயிடம் அவள் பிள்ளையின் எலும்பை மறைப்பதா? மறைத்துவிட்டு அவளுக்கு எந்த முகத்தோடு நற்கருணை கொடுப்பது? மத்தியானச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு அவள் வீட்டுக்கு நடந்தார்.

பீடத்துக்குப் பின்னால் உள்ள அறையில், உடுப்பு அலமாரிக்கு முன்னால் மேசையில் துணியை விரித்து வைத்திருந்தார்கள். அமலோற்பவம் தோட்டத்துச் சேறு காயாத காலோடு வந்து நின்றாள். சாமி எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் விடவில்லை, கூட்டவும் இல்லை. சந்தியாகு கதவுக்கு வெளியே நின்றார்.

அவள் அழவில்லை. தகட்டை எடுத்து முந்தானையால் துடைத்தாள். திருகாணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள்.

"ஆறு. சரிதான். குளிருக்கு வலிக்குதுன்னு சொல்லுவா." தகட்டை இருந்த இடத்திலேயே வைத்தாள். பிறகு தலையை நிமிர்த்தினாள். "அப்ப எட்டு வருசமா நான் யாருகிட்ட சாமி பேசிக்கிட்டு இருந்தேன்?"

தனிஸ்லாஸ் ஏழு வருடம் குருமடத்தில் படித்தவர். மரணம், உயிர்ப்பு, ஆன்மா, எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. ஆண்டவர் கேட்டிருப்பார் என்று சொல்ல வாயெடுத்தார். அந்தக் கண்களைப் பார்த்து அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"தெரியலம்மா" என்றார்.

"இவ அந்த வேலியோரம் கெடந்திருக்கா. நான் போறதும் வர்றதும் இவளைத் தாண்டித்தான். மிதிச்சுக்கூடப் போயிருப்பேன்."

"இப்ப அந்தச் சிலுவைக்கிட்டயே கொண்டு போய் வைக்கலாம்மா. நான் பூசை வைக்கிறேன்."

"அங்கன வேற பிள்ளை இருக்குல்ல. அதுக்கு ஒரு தாயி இருப்பாள்ல. அவ எங்கிட்டு உக்காந்து அழுகுறாளோ." துணியின் சுருக்கத்தை நீவிவிட்டாள். "அவ கெடந்த இடத்துலயே கெடக்கட்டும் சாமி. இன்னாசிப் பெரியப்பா நல்ல மனுசன்."

அப்போதுதான் சாமி அந்தக் காரியத்தைச் செய்தார். பின்னால் பல நாள் தம்மையே காறித் துப்பிக்கொள்ளத் தோன்றிய காரியம்.

"அம்மா, இன்னும் முப்பத்து மூணு குடும்பம் இருக்கு. கல்லறைத் திருநாளுக்கு ஒன்பது நாள்தான். இப்ப இது வெளிய வந்தா ஊரே குழியைத் தோண்டும். கொஞ்ச நாளைக்கு நீங்க யாருகிட்டயும்…"

அவளுக்கு முழுவதும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சாமியை ஏற இறங்கப் பார்த்தாள். "அவுகளுக்குச் சொல்ல மாட்டீக. எனக்கு மட்டும் சொன்னீக" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. துணியின் நான்கு முனைகளையும் சேர்த்துக் கட்டி, இடுப்பில் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

நாலு மணிக்கு ஊர் கூடுவதற்குள் குழியின் அடியில் அந்த மூட்டையை வைத்து ஒரு சாண் மண் தள்ளினார்கள். சாமி செபம் சொன்னார். அதன்மேல் இன்னாசியின் பெட்டி இறங்கியது. கிழவருக்குப் பிள்ளைகளும் பேரன்களும் ஏராளம். கதறல் மலையில் மோதித் திரும்பியது. கூட்டத்தில் அமலோற்பவமும் நின்று ஒரு பிடி மண் போட்டாள். தூரத்து உறவுக்காரிக்கு இவ்வளவு துக்கமா என்று இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள்.

அன்று இரவு சந்தியாகு பாவசங்கீர்த்தனத்துக்கு வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்தார். தனிஸ்லாஸ் படுக்கையில் புரண்டு புரண்டு ஒன்றையே நினைத்தார். சேற்றில் முழங்கால் போட்டவரை இரண்டு நிமிடம் பேசவிட்டிருந்தால் போதும். தம் வாய் கட்டப்பட்டிருக்கும். பாரம் தம்மோடு இருந்திருக்கும். அதைச் சுமக்கத்தானே தம்மைக் குருவாக அபிஷேகம் செய்தார்கள். தம் மனசு சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காகத் திராட்சைத் தோட்டத்துக் கூலிக்காரியின் தலையில் அதை இறக்கி வைத்துவிட்டார்.

சனிக்கிழமை அமலோற்பவம் கல்லறைக்கு வரவில்லை. உடம்புக்கு முடியவில்லையாம் என்று ஹேமாவதி சொன்னாள்.

நவம்பர் இரண்டாம் தேதி மழை விட்டிருந்தது. திருப்பூர், கோயம்புத்தூர் என்று பிழைக்கப் போனவர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தி மாலை போட்டு, ஊதுபத்தி புகைய, ஒவ்வொரு சிலுவைக்குப் பக்கத்திலும் ஒரு குடும்பம். தீர்த்தச் செம்பைச் சந்தியாகு பிடித்துக்கொள்ள, சாமி வரிசையாக மந்திரித்துக்கொண்டு வந்தார். பெயரைப் படிப்பது, செபம் சொல்வது, தீர்த்தம் தெளிப்பது. "எங்கப்பா சாமி", "எங்கம்மா சாமி" என்று ஒவ்வொருவரும் மண்ணைக் காட்டினார்கள். அவர்கள் காட்டிய இடத்திலெல்லாம் தெளித்தார். சந்தியாகு செம்பை நீட்டும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்தார்.

வேலியோரம் இன்னாசியின் புதுக்குழியைச் சுற்றி ஒரே கூட்டம். வேறு யாரும் நெருங்க இடமில்லை.

வேப்பமரத்தடியில், கயல் பெயர் போட்ட சிலுவைக்குப் பக்கத்தில் அமலோற்பவம் நின்றாள். உட்காரவில்லை. சுண்ணாம்பு அடித்திருந்தாள், ஒரு முழம் பூவும் வைத்திருந்தாள். வாய் மட்டும் இறுக மூடியிருந்தது.

சாமி பெயரைப் படிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "என்னை மன்னிச்சிருங்கம்மா" என்றார்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். அடுத்த குழிக்காரர்கள் மெழுகுதிரியைக் கையால் மறைத்துக்கொண்டு சாமி எப்போது வருவார் என்று காத்திருந்தார்கள்.

"பேரைச் சொல்லித் தெளிச்சுட்டுப் போங்க சாமி" என்றாள். "சனம் பாக்குது."

சாமி பெயரைச் சொன்னார். தெளித்தார்.