நிம்மோ கொடுத்த மருந்து

டாபே ராம் விடிந்ததும் விடியாததுமாகக் கோயிலடி வெந்நீர் ஊற்றில் போய்க் கழுத்தளவுக்கு இறங்கிவிடுவான். ஜீப் ஓட்டுகிறவன், இரண்டு மாதமாக வண்டிப் பக்கமே போகவில்லை. உண்டதெல்லாம் வாந்தி. சுடுதண்ணீரில் இருக்கும்வரைதான் வயிறு அவனைச் சும்மா விட்டது. பார்வதிப் பள்ளத்தாக்கில் அவனை அறிந்தவர்கள், முப்பது வயதிலேயே பக்தி முற்றிவிட்டது என்றார்கள்.

அவன் அக்கா நிம்மோ, ஊர்த் தேவதைக்கு ஆட்டுக்கடா நேர்ந்துகொண்டாள். அவன் குமட்டும்போதெல்லாம் சரஸ் உருண்டையில் ஒரு கிள்ளு கிள்ளிச் சிகரெட்டில் வைத்துக் கொடுத்தாள். வீட்டுக்குப் பின்னால் வளர்ந்த கஞ்சாச் செடியைத் தன் உள்ளங்கையில் தேய்த்து எடுத்த பிசின் அது. புற்றுநோய்க்காரர்களுக்கே அது வாந்தியை நிறுத்துமென்று ஒரு வெள்ளைக்காரி சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

ஒரு காலை டாபே தண்ணீரிலேயே மயங்கிச் சாய்ந்தான். அவனுடைய ஜீப்பிலேயே போட்டுக் குல்லு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். குளுக்கோஸ் ஏற்றிய பிறகு டாக்டரம்மா நிம்மோவைக் கூப்பிட்டாள்.

"வெந்நீர்ல இருந்தா மட்டும் இவருக்குச் சுகமா இருக்குமோ?"

நிம்மோ திகைத்தாள். "உங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. எத்தனை வருஷமாச் சரஸ் பிடிக்கிறாரு?"

"பதினஞ்சு இருக்கும். இப்பத்தான் ஜாஸ்தி. வாந்திக்கு மருந்தா நான்தான் குடுக்கறேன்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "அக்கா, அந்தச் சரஸ்தான் வாந்தியக் கொண்டுவருது. சில பேருக்கு வருஷக்கணக்காப் பிடிச்ச பிறகு இப்படித் திரும்பிடும். வெந்நீர்ல மட்டும் சுகம் தெரியறது அதுக்கு அடையாளம். உடம்புல தண்ணி வத்தி, சிறுநீரகம் அடி வாங்கியிருக்கு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா ஆளு கிடைச்சிருக்க மாட்டாரு."

நிம்மோ வெளியே வந்து குழாயடியில் நின்று கையைக் கழுவினாள். தேய்த்துத் தேய்த்துத் தோல் சிவந்தது. பக்கத்தில் நின்றவள் சோப்பை நீட்டியதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

டாபே நம்பவில்லை. "நம்ம மாமா எழுபது வயசு வரைக்கும் பிடிச்சாரு. அந்த டாக்டர் பொண்ணு சிம்லாவுல படிச்சவ, அவளுக்கு என்ன தெரியும்?"

"தெரியாமக் குடுத்தவ நான்டா. என்னை நம்பித்தான வாங்கின? இப்பவும் நம்பு."

வீட்டுக்கு வந்ததும் செடிகளை வேரோடு பிடுங்கி மாட்டுச்சாணத்தில் புதைத்தாள். சரஸ் இல்லாமல் பத்து நாள் அவன் சரியாகத் தூங்கவில்லை. சட்டை வியர்த்து நனைந்தது. சோற்றுத் தட்டைச் சுவரில் அடித்தான். அவள் சிந்தியதைப் பொறுக்கி எடுத்துவிட்டு, வேறு தட்டில் சோறு போட்டுவந்தாள். கூட்டாளிகள் வந்தால் வாசலிலேயே மறித்து, "அவனுக்கு உடம்பு சரியில்ல, நீங்க கிளம்புங்க" என்றாள்.

அடுத்த மாதம் ஒரு கல்யாணத்தில் டாபே இரண்டு இழுப்பு இழுத்துவிட்டான். மறுநாளே வாந்தி திரும்பியது. அக்கா வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டாக்டரம்மா சொன்னது இதுதானாக்கா?" என்று கேட்டான். முகம் வெளுத்திருந்தது. அவள் தலையசைத்தாள்.

அதன் பிறகு அவன் தொடவில்லை. ஆப்பிள் அறுவடைக்கு ஜீப்பை எடுத்தான். உடம்பு மெதுவாகத் தேறியது. நிம்மோ மட்டும் அவன் இருமினால்கூட, செய்த வேலையை விட்டுவிட்டு எழுந்து போய்ப் பார்க்கிறாள்.